ஔகாரத்தில் தொலைந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு ‘எழுத்துல அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் ‘அக்கா’. முதுகு திரும்பியபின் முழுப் பெயரும். யார் எதைச் சொன்னாலும், குழாய் ஒழுகுகிறது என்றாலும்கூட, அவள் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே வாக்கியம்: “எழுத்துல குடுங்க.” கொடுத்தால் வாங்கி, தேதி குறித்து, வரிசை எண் இட்டு, துளை போட்டுக் கோப்பில் கோத்துக்கொள்வாள். கொடுக்காவிட்டால் தானே எழுதி, “நீங்க சொன்னது இதுதானே? ஒரு கையெழுத்து” என்று நீட்டுவாள். சிற்றுண்டிச்சாலையில் ஓர் இளம் மருத்துவர், “அக்காகிட்ட காதல்னு சொன்னாக்கூட மூணு பிரதி கேப்பாங்க” என்று சொல்லி மேசையையே சிரிக்கவைத்தார். பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த அவள் காதிலும் அது விழுந்தது. இதுவரை ஒரு பிரதிகூட யாரும் கொடுத்ததில்லை என்று மனத்துக்குள் பதில் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவி வைத்துப் போனாள்.

அவள் பிறவியிலேயே அப்படி இருந்தவள் அல்லள். ஆறு ஆண்டுகளுக்கு முன்வரை வாய்ச்சொல்லை நம்பியவள்தான். அந்த நம்பிக்கை எப்படிப் போயிற்று என்பதன் விவரம் அவள் வீட்டில், சாப்பாட்டு மேசையின் இரண்டாவது நாற்காலியின்மேல் இருக்கும் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது: மொத்தம் நூற்று முப்பது தாள்கள். முதல் நாற்காலியில் அவள் உட்கார்ந்து சாப்பிடுவாள். மூன்றாவது நாற்காலி அந்த வீட்டில் இல்லை.

தாள்களின் வரிசையிலேயே சொல்வது நல்லது.

அவள் படித்தது தட்டச்சு. கணினி வந்த புதிதில், மருத்துவமனையின் காகிதப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் எழுத்தராகச் சேர்ந்தாள். எழுத்தர்கள் மூவரில் அவள் விரல்தான் வேகம். மற்ற இருவரும் மாலையானதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தான் தட்டியதெல்லாம் உள்ளே எங்கே போய் உட்காருகிறது என்ற கேள்வி அவளை மட்டும் விடவில்லை. வழிகாட்டி நூல்களைப் பக்கம் பக்கமாக அச்செடுத்து, நூல் கோத்து, ஒன்பது தொகுதிகளாகத் தைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் திட்டும் வாங்கவில்லை, பாராட்டும் வாங்கவில்லை. பத்தாண்டுகள் கழிந்தபோது, இலட்சக்கணக்கான நோயாளர்களின் பெயர், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, செய்த அறுவைச் சிகிச்சை எல்லாம் அடங்கிய தரவுத்தளத்துக்கு அவளே பொறுப்பாளராக இருந்தாள். எந்த வார்டில் எந்த மருத்துவர் ஒரு நோயாளரின் பெயரைத் தட்டினாலும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் அந்த மனிதரின் உடம்பு முழுவதும் திரையில் வந்துவிடும். வராவிட்டால் மட்டுமே அவள் நினைவு மற்றவர்களுக்கு வரும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, அந்தத் தரவுத்தளத்தின் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். தொடங்குமுன் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையை அச்செடுத்தாள்; அதுதான் முதல் தாள். முடிந்தபின்னும் அச்செடுக்கத் திரும்பியபோது, அன்று கணினிப் பிரிவின் துணைத் தலைவராக இருந்தவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னார்: “ஓடுது இல்ல? போதும்க்கா. வீட்டுக்குப் போங்க.” அவளும் போனாள். இரண்டாவது தாளாக இருக்கவேண்டிய தாள் உலகத்திலேயே இல்லாமல் போயிற்று.

அடுத்த ஒரு மாதத்துக்குள், பழைய நோயாளர்கள் சிலர் வந்து பெயரைச் சொன்னால் கணினி கையை விரித்தது. அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்றது. அவர்களுக்கெல்லாம் புதிய எண் கொடுத்து, புதிதாகப் பிறந்தவர்கள்போல் பதிந்துகொண்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவருக்கு, ஒவ்வாது என்று பழைய பதிவில் இருந்த அதே மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். விசாரணை வந்தது.

“எதையும் நான் அழிக்கல. எண்ணிக்கை குறையவே இல்ல” என்றாள் அவள். விசாரணைக் குழுவினர் மூவர். நடுவில் இருந்தவர், “ஒரு மாசத்துல புதுசா ஆயிரக்கணக்குல சேந்தாச்சேம்மா. வேலைய முடிச்ச அந்த நிமிஷத்து எண்ணிக்கை எங்க?” என்று கேட்டார். அவளிடம் அந்தத் தாள் இல்லை. அதே அறையில் இருந்த துணைத் தலைவர் சன்னலைப் பார்த்தார்.

பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது: ‘கவனக்குறைவால் நோயாளர் பதிவுகளை அழித்தவர்.’ கடவுச்சொற்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடித்தளத்தில் பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் படமெடுக்கும் அறைக்கு அவளை மாற்றினார்கள். விசாரணை அறிக்கையின் பிரதியை மூன்று முறை விண்ணப்பித்து வாங்கினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் புதிய எண்கள் மட்டும் அதில் இருந்தன. நோயாளரின் அந்தரங்கம் கருதிப் பெயர்கள்மேல் கறுப்பு மை பூசப்பட்டிருந்தது.

அந்த ஆறு ஆண்டுகளில் அவளுக்கு ஒரு முடிவு உறைந்து கெட்டிப்பட்டது. அழித்தவர் துணைத் தலைவர்தான். புதுப்பித்தலுக்கு முந்தைய வாரம் நடைக்கூடத்தில் அவர், “தேவையில்லாததெல்லாம் துடைச்சுட்டா சர்வர் லேசாகும்” என்று சொன்னதைக் காதால் கேட்டிருந்தாள். சாட்சி இல்லை, வாய்ச்சொல். அவர் இப்போது தலைவராகிவிட்டார். அவர் எந்தத் தேதியில் எங்கே இருந்தார், யாருக்கு என்ன அனுப்பினார் என்று திரட்டியதிலேயே நாற்பது தாள்கள் நிறைந்தன. சாப்பிடும்போது சில நாள் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்து வாசிப்பாள். எதிரில் ஒருவர் உட்கார்ந்து வாதம் செய்வதுபோல் இருக்கும். சோறு இறங்கும்.

*

தலைவர் அடித்தளத்துக்கு இறங்கி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறு ஆண்டுகளில் முதல்முறை.

“நல்லா இருக்கீங்களாக்கா?”

“இருக்கேன். எழுத்துல வேணுமா?”

அவர் சிரிக்க முயன்று பாதியில் விட்டார். “பழைய சர்வர் இன்னும் மூணு மாசம் தாங்கினா பெரிசு. எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தணும். வெளிக் கம்பெனி ரெண்டு தடவை வந்தாங்க. ஆஸ்பத்திரிய ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கங்கறாங்க. ஆஸ்பத்திரிய எப்படிக்கா நிறுத்தறது? அதோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு உங்களத் தவிர யாருக்கும் தெரியாது.”

“அழிச்சவ கையிலயே சாவியா?”

தலைவர் படமெடுக்கும் இயந்திரத்தைப் பார்த்தார். அது அவருக்கு உதவவில்லை.

“செய்யறேன்” என்றாள். “ரெண்டு நிபந்தனை. மொத்த ஆஸ்பத்திரிக்கும் எட்டு நிமிஷத்துக்கு மேல நிக்காது. அது என் பொறுப்பு. வேலை முடிஞ்சு பழைய சர்வர அழிக்கறதுக்கு முன்னாடி முப்பது நாள் அது எங்கிட்ட இருக்கணும். அதுல இருக்கற எந்தக் குறிப்பையும் நான் படிக்கலாம். அது உங்க பொறுப்பு.”

“எதுக்குப் படிக்கணும்?”

“முந்நூத்திப் பன்னெண்டு பேர யார் அழிச்சாங்கன்னு பாக்கணும்.”

அவர் சட்டைப்பையைத் தடவினார். பிறகு பேனாவை எடுத்து, “எழுத்துல குடுக்கறேன்” என்றார். நூற்று முப்பத்தொன்றாவது தாள்.

பழைய சர்வரை அழித்துவிட்டால் அந்தச் சனிக்கிழமையின் சுவடும் அதோடு போய்விடும். பணிப்பதிவேட்டின் வரி மட்டும் நிலைத்துவிடும். ஆகவே இந்த வேலையை ஒப்புக்கொள்ள அவளுக்கு இருந்த காரணம் அந்த முப்பது நாள்தான். இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

*

வேலையின் முறை கேட்பதற்கு எளிது. ஒரு குடும்பம் வீட்டில் குடியிருக்கும்போதே, அந்த வீட்டைப்போலவே இன்னொன்றை ஆணி மாறாமல் கட்டவேண்டும். இங்கே ஒருவர் தம்ளரை இடம் மாற்றினால் அங்கேயும் தம்ளர் உடனே இடம் மாறவேண்டும். வாரக்கணக்கில் இரண்டு வீடும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். ஒருநாள், எல்லோரும் கண்ணை மூடித் திறக்கும் நேரத்துக்குள், அவர்கள் அங்கே இருக்கவேண்டும்.

முதலில் பழையதை முழுதாக நகலெடுத்துப் புதிய சர்வரில் இறக்கினாள். அதற்கே ஒன்பது நாள் ஆயிற்று. பின்பு, மருத்துவமனையில் யார் எதைப் பதிந்தாலும் அது உடனுக்குடன் புதியதிலும் விழும்படி இரண்டையும் இணைத்தாள். எட்டு நிமிடத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. வெளிக் கம்பெனியார் தாங்கள் கேட்ட ஒரு நாளையும் இரவு இரண்டு மணிக்குத் தொடங்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் எவர் சொல்லையும் எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு நிமிடமும் எத்தனை பதிவு விழுகிறது என்று ஏழு வாரம் எண்ணினாள். இரவு இரண்டு மணிக்கு மனிதர்கள் தூங்கினாலும் இயந்திரங்கள் தூங்குவதில்லை: ஆய்வுக்கூடத்தின் முடிவுகளும், மருந்துக் கிடங்கின் கணக்கெடுப்பும், காப்புப் பிரதிகளும் அந்த நேரத்தில்தான் வரிசையில் நிற்கின்றன. மருத்துவமனை மிகவும் அமைதியாக இருப்பது ஞாயிறு பிற்பகல் இரண்டு இருபதுக்கு. சாப்பாடு முடிந்திருக்கும். மருத்துவர்கள் பார்வையிட்டுப் போயிருப்பார்கள். உறவினர்கள் பேச்சுத் தீர்ந்து கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார்கள்.

தனக்கும் ஞாயிறு இரண்டு இருபதுதான் வாரத்தில் மிக அமைதியான நேரம் என்பது அவளுக்கு எண்ணிப் பார்க்காமலேயே தெரியும்.

சர்வர் அறையில் துணைக்கு ஒருவரைக் கொடுத்திருந்தார்கள். கம்பி இணைப்புகளைப் பார்த்துக்கொள்பவர். எல்லோரும் ‘வயர்’ என்று கூப்பிடுவார்கள். அறுபதை நெருங்கியவர். குளிர் அறை என்பதால் கம்பளித் தொப்பியோடு வருவார்.

“நூத்திப் பத்துப் படியா?” என்றார், அவள் எழுதி வைத்த நடைமுறைத் தாள்களைப் புரட்டி. “கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு யோசிக்கலயே தாயி.”

“அதான் அண்ணி இன்னும் உங்கள ஏசிக்கிட்டு இருக்காங்க.”

“அது சரி” என்று ஒப்புக்கொண்டார் வயர்.

நடைமுறையின் எழுபத்தோராம் படி இப்படி இருந்தது: ‘பழையதிலிருந்து முன்கூட்டியே அச்செடுத்த அறுபது பதிவுகளைப் புதிய திரையோடு கண்ணால் ஒப்பிடுக. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நிறுத்திப் பழையதற்கே திரும்புக.’ கீழே அவள் கையெழுத்து. நான்கு முறை ஒத்திகை பார்த்தாள். ஒத்திகையில் எண்களை மட்டும் ஒப்பிட்டாள். கண்ணால் வாசிப்பது கடைசி நாளுக்கென்று இருந்தது. புதிய சர்வருக்கான புதிய திரையும் அந்த வாரம்தான் வந்து சேர்ந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை, சரியாக இரண்டு இருபதுக்கு, தலைவர் தம் அறையிலிருந்து எல்லா வார்டுகளுக்கும் அறிவித்தார். செவிலியர்கள் கணினியை விட்டுப் பேனாவை எடுத்தார்கள். அவள் பழைய சர்வரில் எழுதும் வழியை அடைத்தாள். வயர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.

கடைசிப் பதிவு புதியதில் வந்து விழ ஒரு நிமிடம் பத்து விநாடி ஆயிற்று. எண்ணிக்கை: அங்கே இருபத்து மூன்று இலட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்றாறு. இங்கேயும் அதே. இந்த முறை அச்செடுத்தாள், இரண்டுக்கும் தனித்தனியாக. எந்தத் தோளுக்குப் பின்னாலும் யாரும் நிற்கவில்லை.

“ரெண்டு நிமிஷம் முப்பது” என்றார் வயர்.

அறுபது பதிவுகளை வாசிக்கத் தொடங்கினாள். இடக்கை காகிதத்தில், வலக்கை திரையில். நாற்பத்தொன்றாவதில் கை நின்றது.

பெயரின் முதலெழுத்து ‘கௌ’. காகிதத்தில் எப்போதும்போல் இருந்தது. புதிய திரையிலோ அதன் பின்பாதி, அந்த ளகரம் போன்ற குறி, பக்கத்து எழுத்துகளின் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. நாற்பத்து நான்காம் பதிவிலும் ஒரு ‘கௌ’. அங்கே அந்தக் குறி சிறியதாக, அடக்கமாக இருந்தது. ஒரே திரை, ஒரே எழுத்து, இரண்டு உருவம்.

“என்ன தாயி?”

“எழுத்து ஒண்ணு மாறித் தெரியுது.”

வயர் எழுபத்தோராம் படியைப் பார்த்தார். “நீங்களே எழுதியிருக்கீங்க. ‘ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நிறுத்து’ன்னு. நிறுத்தட்டுமா? மூணு நிமிஷம் அம்பது.”

மேலே நானூறு கட்டில்களில் செவிலியர்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினால் எல்லாம் பழையதற்குத் திரும்பும். பழையது இன்னொரு முறை தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. நிறுத்தாவிட்டால், எழுத்தைத் தின்றுவிட்ட ஒரு தரவுத்தளத்தை இருபத்து மூன்று இலட்சம் பேர் தலையில் கட்டியவளாவாள். பணிப்பதிவேட்டில் இரண்டாவது வரிக்கு இடம் இருந்தது.

“நிறுத்தாதீங்க. கண்ண நம்பறதா, எண்ண நம்பறதான்னு பாக்கறேன்.”

கணினி எந்த எழுத்தையும் எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நாற்பத்தொன்றாம் பெயரின் எண்களைப் புதியதில் கேட்டாள், பழையதிலும் கேட்டாள். இரண்டு வரிசைகளையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாள். ஓர் எண்கூட மாறவில்லை.

“மாறல” என்றாள். “அங்கயும் தப்பாத்தான் இருந்திருக்கு. தப்பு அப்படியே வந்திருக்கு.”

“தப்பு பத்திரமா வந்து சேந்துச்சுன்னா வேலை சரியாத்தானே நடந்திருக்கு?”

“சரியா நடந்திருக்கு” என்றாள். அந்தப் பதிவின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் குறித்து ஓரமாக வைத்தாள். எழுபத்திரண்டாம் படி.

இரண்டு இருபத்தாறு நாற்பதுக்கு வார்டுகளுக்குப் புதிய வழி திறந்தது. முதல் பதிவு குழந்தைகள் வார்டிலிருந்து வந்தது: காய்ச்சல் நூற்றொன்று. பிறகு மடமடவென்று வந்தன. “ஆறு நிமிஷம் நாப்பது விநாடி!” என்று வயர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்து, பிடிக்கத் தவறி, குனிந்து எடுத்துக்கொண்டார். மேல்மாடியிலிருந்து தலைமைச் செவிலி தொலைபேசியில் கேட்டார்: “என்னக்கா, இன்னும் ஆரம்பிக்கலயா?”

“முடிஞ்சுது.”

“முடிஞ்சுதா? நாங்க இன்னும் பேனாவயே கீழ வைக்கல!”

இதைவிடப் பெரிய பாராட்டு அந்தத் தொழிலில் கிடையாது. அவள் நன்றி சொல்லி வைத்தாள். வயர் வீட்டுக்குப் போனார். “வாங்க தாயி, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போலாம்” என்று கூப்பிட்டார். கொஞ்சம் வேலை இருக்கிறது என்றாள்.

*

துண்டுத் தாளை எடுத்தாள்.

நாற்பத்தொன்றாம் பெயரில் இருந்தது ‘கௌ’ அன்று. ‘கெள’. ஒற்றைக்கொம்பு, ககரம், பிறகு ஒரு முழு ளகரம். பழைய திரையின் எழுத்துருவில் இரண்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாகவே தெரியும். மனிதக் கண்ணுக்கு ஒரே பெயர். கணினிக்கு வேறு வேறு பெயர்கள். ‘கௌ’ என்று தேடினால் ‘கெள’ கிடைக்காது.

அவள் பெட்டியை அன்று கையோடு கொண்டுவந்திருந்தாள். விசாரணை அறிக்கையை எடுத்தாள். ஆறு ஆண்டுகளாக அவளிடம் எண்கள் இருந்தன, தரவுத்தளம் இல்லை. இப்போது இரண்டும் இருந்தன. கறுப்பு மைக்குப் பக்கத்திலிருந்த புதிய எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். முதல் பெயர்: ‘சௌ’வில் தொடங்கிற்று. இரண்டாவது: ‘கௌ’. மூன்றாவது: ‘மௌ’. இருபது தட்டியபின் மீதியைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் முந்நூற்றுப் பன்னிரண்டையும் தட்டினாள். ஒருவர் விடாமல் எல்லோர் பெயரிலும் ஔகாரம் இருந்தது. ஒவ்வொரு பெயரையும் ளகரம் போட்டுத் தேடினாள். பழைய பதிவுகள், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, அறுவைச் சிகிச்சை எல்லாம் முழுசாக, தூசுகூடப் படாமல் இருந்தன.

யாரும் எதையும் அழிக்கவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் மென்பொருளோடு புதிய விசைப்பலகை முறையும் வந்தது. அதில் ஔகாரத்துக்குத் தனிக் குறி இருந்தது. வரவேற்பில் இருந்த இளம் எழுத்தர்கள் அதை முறையாகத் தட்டினார்கள். முறையாகத் தட்டியதால்தான் கிடைக்கவில்லை.

இவ்வளவும் பத்தே நிமிடத்தில் விளங்கிவிட்டது. பதினோராவது நிமிடத்தில் இன்னொன்று விளங்கிற்று. ஒவ்வொரு பதிவிலும் அதைத் தட்டியவரின் எண் இருக்கும். நாற்பத்தொன்றாம் பெயரைத் தட்டியவர் எண் ஏழு.

ஏழு அவள்தான்.

தட்டச்சுப் பொறியில் ஔகாரத்துக்கு விசை கிடையாது. கொம்பைத் தட்டி, எழுத்தைத் தட்டி, ளகரத்தைத் தட்டவேண்டும். அப்படித்தான் அவள் விரல்கள் படித்திருந்தன. கணினிக்கு வந்தபோதும் விரல்கள் தாம் படித்ததையே செய்தன. மற்ற இரண்டு எழுத்தர்களும் ஔகாரம் எங்கே என்று கேட்டபோது, “ள போடுங்க, அதேதான்” என்று சொன்னதும் அவள்தான். வாய்ச்சொல். அதற்குத் தாள் இல்லை. ஆனால் அவளுக்கு நினைவிருந்தது.

ஒரு பாட்டம் தேடிப் பார்த்ததில் அப்படி எழுதப்பட்ட பெயர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்த ஒரு மாதத்தில் வந்து கேட்டவர்கள்; பின்னால் வந்தவர்களை யாரும் எண்ணவில்லை. மீதிப் பேர் இன்னும் நோய்ப்படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது நடைக்கூடம் முழுக்கப் பார்வையாளர் நேரத்தின் வெயில் கிடந்தது. பூங்கொத்தோடு எதிரே வந்த ஒருவர் வழி கேட்டார். அவள் வழி சொன்னாள்.

*

மறுநாள் தலைவர் இனிப்புப் பெட்டியோடு அவளிடம் வந்தார். அவள் மூன்று பக்கக் கடிதத்தை நீட்டினாள். முதல் பத்தியின் முதல் வாக்கியம்: ‘கீழ்க்கண்ட பெயர்களைப் பிழையாகத் தட்டச்சு செய்தவள் நான்.’

அவர் நின்றவாறே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

“இத எதுக்குக்கா எழுதறீங்க? பதிவுகள் கிடைச்சுதுன்னு மட்டும் எழுதினாப் போதுமே. யார் தட்டினாங்கன்னு எவன் கேக்கப்போறான்?”

“எழுத்துல நடந்த தப்பு. எழுத்துலதான் சொல்லணும்.”

“ஒரே கட்டளையில ‘ெள’ எல்லாத்தயும் மாத்திட்டு விட்டுடலாமே?”

“மாத்தினா ‘வெள்ளி’ என்ன ஆகும்? ‘தெளிவு’ன்னு ஒருத்தர் பேர் வச்சிருந்தா அவரோட தெளிவயும் சேத்துக் கெடுத்துடுவோம். ஒவ்வொண்ணா படிச்சுத்தான் மாத்தணும். ரெண்டு பதிவு உள்ளவங்களுக்கு ரெண்டையும் சேக்கணும். நான் செய்யறேன்.”

தலைவர் கடிதத்தை மேசைமேல் வைத்து அதன் விளிம்பை நேராக்கினார். “ஆறு வருஷமா என்ன ஒரு மாதிரி பாப்பீங்களே. நான்தான் அழிச்சேன்னு நெனச்சீங்க, இல்ல?”

“ஆமா.”

“நான் நீங்கதான் அழிச்சீங்கன்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்.”

“நெனச்சீங்க. தேடிப் பாக்கல. தேட என்னையும் விடல” என்றாள். “அது மூணாவது பக்கத்துல இருக்கு. அன்னிக்கு அந்த ஒரு தாள எடுக்க விட்டிருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும். அதுக்கு மட்டும் உங்க கையெழுத்து வேணும்.”

அவர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். ‘எண்ணிக்கை அச்செடுப்பதைத் தடுத்து அவரை அனுப்பியது நான்’ என்று இருந்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டார். இனிப்புப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

பணிப்பதிவேடு திருத்தப்பட்டு வர ஐந்து வாரம் ஆயிற்று. ‘பதிவுகளை அழித்தவர்’ என்பதை அடித்துவிட்டு, ‘பதிவுகளில் தட்டச்சுப் பிழை செய்தவர், பின்னர் தாமே கண்டறிந்து திருத்தினார்’ என்று எழுதியிருந்தார்கள். ‘குற்றமற்றவர்’ என்ற சொல்லை அவள் ஆறு ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்தாள். அந்தச் சொல் எங்கும் இல்லை. இருப்பதற்கு நியாயமும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டவளும் அவளே. பிரதியில் நூற்று நாற்பத்தாறு என்று எண் இட்டாள். அதன்பின் பெட்டிக்குள் போட ஒன்றும் இல்லை. பழைய சர்வரை மூன்றாம் நாளே அழிக்கலாம் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அன்று மாலை தொலைதூரத்திலிருந்து தம்பி பேசினான்.

“மாத்திட்டாங்களா அக்கா? எழுத்துலயா?”

“எழுத்துலதான்.”

“அப்ப ஜெயிச்சுட்டேன்னு சொல்லு!”

“யார?”

பின்னால் அவன் வீட்டில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “வரேன், வரேன்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, “அக்கா, அப்புறம் பேசறேன்” என்றான்.

அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பழக்கத்தில் பெட்டியைத் திறந்தாள். தலைவரைப் பற்றிய நாற்பது தாள்களில் ஒன்று கைக்கு வந்தது: ஒரு தேதி, ஒரு நடைக்கூடம், ஒரு வாக்கியம். வாசித்தாள். எதிரில் யாரும் வாதம் செய்யவில்லை. மூடி, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு வந்தாள்.

நாற்காலியின் இருக்கையில் பெட்டி இருந்த இடம் மட்டும் ஒரு சதுரமாக, வாங்கிய அன்றிருந்த நிறத்தில் இருந்தது. சுற்றி வெளிறியிருந்ததைத் துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். தூசு அன்று. நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு, சோறு ஆறிப்போயிருந்தாலும், சாப்பிட்டு முடித்தாள்.